வடிகலத்துக்கு முன் அனுமதி: புல்லெண்ணெய் வடிக்க விரும்பும் கமக்காரருக்கு

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய கரையோர ஊர்களில் வேளாண்மை செய்வோரும் மரக்கறித் தோட்டம் செய்வோரும் எம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "தோட்டத்து ஓரத்தில் வளரும் சேரைப்புல்லை வீட்டிலேயே வடித்து எண்ணெய் எடுக்கலாமா? அதற்கான வடிகலத்தை வைத்திருக்கச் சட்டம் இடந்தருமா?" என்பதே அக்கேள்வி. அதற்கு விடை கூறுவது இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

ஒரு கமக்காரரை எடுத்துக்கொள்வோம். அவருக்குக் கரைவாகு வட்டையில் இரண்டு ஏக்கர் வயலும், வீட்டுக்கு அருகே மணற்பாங்கான தோட்டமும் உண்டு. கத்தரியும் மிளகாயும் நட்டு, வேலியோரம் சேரைப்புல் வைத்திருக்கிறார். புல் செழித்து வளர்கிறது. அதன் எண்ணெய்க்கு நல்ல விலையுண்டு என்று எவரோ கூறக் கேட்டு, பழைய பீப்பா ஒன்றை வாங்கி, மூடி அமைத்து, குழாய் பொருத்தி, தோட்டத்து மூலையில் அடுப்பு மூட்டுகிறார். அயலவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "காக்கா, இது என்ன பீப்பா?" என்று கேட்கிறார். இவர் விளக்கி முடிப்பதற்குள் செய்தி ஊரைச் சுற்றிவிடுகிறது. மறுநாள் மதுவரி அலுவலர் வருகின்றனர். பீப்பாவும் குழாயும் கொண்டு செல்லப்படுகின்றன.

பின்னர் உண்மை தெளிவாகலாம். ஆயினும் அதற்குள் அறுத்த புல் காய்ந்து கெடும். பணமும் நாளும் வீணாகும். ஐவேளையும் தொழச் செல்லும் ஒரு மனிதர் பள்ளிவாசல் முற்றத்திலே தலைகுனிந்து நிற்க நேரிடும். அவர் சாராயம் வடிக்கவில்லை. முதலிற் செய்ய வேண்டியதைப் பிந்திச் செய்ய எண்ணினார், அவ்வளவே. இந்த நிலை உங்களுக்கு நேராதிருக்க வேண்டும்.

1. வடிகலம் என்பது யாது?

ஒரு பொருளைக் காய்ச்சி, எழும் ஆவியைக் குளிரச் செய்து, மீண்டும் திரவமாக்கிப் பெறுதலே காய்ச்சி வடித்தல் எனப்படும். இதற்கு மூன்று உறுப்புகள் வேண்டும்: காய்ச்சும் கலம், ஆவியைக் குளிர்விக்கும் ஒடுக்கி, வடிந்ததை ஏற்கும் ஏனம். நம் வைத்தியர்கள் இதனை வாலை என்றும், இதிற் பெறுவதைத் தீநீர் என்றும் கூறுவர். யூனானி வைத்தியத்தில் அதற்கு அர்க் என்று பெயர்.

இக்கலை குடிவகைக்காக மட்டும் வளர்ந்ததன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அறிஞர் அல்-கிந்தியின் பெயரால் வழங்கும் நூலொன்று வாசனைப் பொருள்களை வடிக்கும் முறைகளையே கூறுகின்றது. கலியாண வீட்டிலே நாம் தெளிக்கும் பன்னீர் வடிகலத்தில் பிறந்தது. வியர்வையையும் கசிந்து வரும் நீரையும் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்தே வைத்தியரின் 'அர்க்' என்ற சொல்லும், மதுக்கடையில் விற்கும் 'அரக்கு' என்ற சொல்லும் வந்தன. ஒரே கலம், ஒரே சொல். ஆயின் பயன் வேறு. சட்டமும் இவ்வேறுபாட்டையே நோக்குகின்றது.

2. சாராயத்தைப் பிறப்பிப்பது கலமன்று

இதனை ஒவ்வொருவரும் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். சீனி கலந்த நீரில் மதுவம் எனப்படும் நுண்ணுயிர் பெருகிப் புளிக்கும்போதே மதுசாரம் உண்டாகின்றது. கசிப்புக் காய்ச்சுவோர் 'கோடா' என்று கூறுவது இந்தப் புளித்த நீரையே. வடிகலம் அதிலுள்ள மதுசாரத்தைப் பிரித்தெடுக்கின்றதேயன்றிப் புதிதாக எதனையும் ஆக்குவதில்லை. மதுசாரம் 78 பாகை சதமத்தில் கொதிக்கும். நீர் 100 பாகையில் கொதிக்கும். ஆதலால் மதுசாரம் முந்தி எழுகின்றது.

அறுத்த புல்லையும் நல்ல நீரையும் கலத்திலிட்டு எத்தனை மணி நேரம் காய்ச்சினாலும் சாராயம் வாராது. புல்லின் இலையிலுள்ள வாசனை எண்ணெய் நீராவியோடு கலந்து எழுந்து, ஒடுக்கியிற் குளிர்ந்து, நீரின் மேல் மிதக்கும். எனவே எண்ணெய் வடிப்பவர் தமது நேர்மையைக் காட்டுவதற்கான முதல் வழி யாதெனில், கலம் உள்ள இடத்தில் புளிக்க வைத்த எதனையும் வைத்திராமையே ஆகும். சீனிச் சாக்கு, மதுவம், கள், வெல்லப்பாகு, அழுகிய பழம் ஆகியவை அக்கொட்டிலுக்குள் இருத்தலாகாது. மாட்டுக்கு வெல்லப்பாகு கொடுப்போர் அதனை மாட்டுக்கொட்டிலிலேயே வைத்துக்கொள்க.

3. சட்டம் கூறுவது

இலங்கையில் இவ்விடயத்தை ஆள்வது 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டமாகும். அது பல தடவை திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன் சாரம் பின்வருமாறு:

(அ) மதுவரிக்குட்பட்ட பொருளை உரிமமின்றி எவரும் உற்பத்தி செய்தலாகாது.

(ஆ) அத்தகைய பொருளை உற்பத்தி செய்யும் நோக்கத்துக்காக மூலப்பொருளையோ, வடிகலத்தையோ, வேறு கருவியையோ உரிமமின்றி வைத்திருத்தலும் குற்றமாகும். ஒரு துளியேனும் வடிக்காதிருந்தாலும் குற்றம் குற்றமே.

(இ) கலம் ஒருவரது வசம் அகப்பட்டு, அவர் அதற்குத் தக்க விளக்கம் கூற இயலாதிருப்பின், அது அவருக்கே பாதகமாகும். குற்றம் நிலைநாட்டப்பட்டால் தண்டப்பணமும் சிறையும் நேரலாம், கருவிகளும் பறிமுதலாகும்.

இரண்டாவது விதியில் 'நோக்கத்துக்காக' என்னும் சொல்லைக் கவனித்தல் வேண்டும். எண்ணெய் வடிப்பதற்கென அமைத்த கலம் மதுவரிப் பொருளை ஆக்கும் நோக்கமுடையதன்று. ஆயின் நோக்கம் மனிதரின் நெஞ்சுக்குள் இருப்பது. அதனை அலுவலர் கண்ணாற் காண முடியாது. எழுத்தில் இருந்தால் மட்டுமே காண முடியும். அனுமதியையும் அறிவித்தலையும் முன்னரே பெற வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

4. குடிவகைக்கு வீட்டு உரிமம் இல்லை

நியூசிலாந்து நாட்டில் 1996 ஆம் ஆண்டு முதல் ஒருவர் தம் சொந்தத் தேவைக்கு வீட்டில் மதுசாரம் வடிக்கச் சட்டம் இடந்தருகின்றது. இச்செய்தியை வைத்துக்கொண்டு, நம் நாட்டிலும் ஏதோ ஓர் உரிமம் பெற்றால் வீட்டில் வடிக்கலாம் என்று சிலர் கூறித் திரிவதுண்டு. அதனை நம்பாதீர்கள். இலங்கையில் வடிசாலை உரிமம் பெருந்தொழிலுக்கு உரியது. நமது அயல் மாவட்டமான மொனறாகலையில் பெல்வத்தை, செவனகலை ஆகிய சீனித் தொழிற்சாலைகளில் கரும்புப் பாகிலிருந்து மதுசாரம் வடிக்கப்படுவது அத்தகைய உரிமத்தின் கீழும், மதுவரி அலுவலரின் கண்காணிப்பிலும் ஆகும். வீட்டுக் கொல்லையில் அதற்கு இடமில்லை.

வாசனைத் திரவியம் செய்வதற்காக மதுசாரம் வாங்கி எண்ணெயுடன் கலப்பதும் மதுவரிச் சட்டத்துக்கு உட்பட்டதே. ஆகையால் எண்ணெயை எண்ணெயாகவே விற்பது கமக்காரருக்கு உகந்தது.

மத்திய கிழக்கு நாடுகளிலிருந்து திரும்பும் உறவினர் சிறிய செப்பு வடிகலத்தைப் பரிசாகக் கொண்டுவர விரும்பலாம். சுங்கத்தில் முன்கூட்டியே கேட்டறியாமல் கொண்டுவருதல் தகாது என்று அவர்களுக்கு அறிவியுங்கள்.

5. அடுப்பு மூட்டுமுன் செய்ய வேண்டியவை

கீழ்க்கண்டவற்றை இவ்வரிசையிலேயே செய்க. கலத்தை வாங்கிய பின்னர் அலுவலகம் அலுவலகமாக அலைவதிலும், வாங்குமுன் அலைவது நன்று.

முதலாவது: உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கமநல சேவை நிலையத்தில் சந்தித்து, எவ்வளவு நிலத்தில் எந்தப் புல்லை நட்டிருக்கிறீர்கள் என்பதைக் காட்டுக. பயிர் நிலத்தில் இருக்கின்றது என்பதே உங்கள் நோக்கத்துக்கு முதற் சான்றாகும். ஒரு செடியும் நடாமல் எண்ணெய்க் கலம் கேட்பவரை எவரும் ஐயுறுவர்.

இரண்டாவது: கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்றும், நிலம் பற்றிய உறுதியும் பெறுக. குத்தகை நிலமாயின் நிலச் சொந்தக்காரரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். பிறர் காணியில் கலம் அகப்பட்டால் அவருக்கும் துன்பம் நேரும்.

மூன்றாவது: பிரதேச செயலகத்தில் தொழிலின் பெயரைப் பதிவு செய்க.

நான்காவது: மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ வியாபார அனுமதி பற்றிக் கேட்டறிக. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின்கீழ் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் உங்கள் அளவான தொழிலுக்கு வேண்டுமா என்பதையும் அங்கேயே உசாவுக. கரையோர ஊர்களில் வீடுகள் நெருங்கியிருத்தலால் புகையும் கழிவுநீரும் அயலவரைத் தாக்காதிருத்தல் முக்கியமாகும்.

ஐந்தாவது: மதுவரி நிலையத்துக்கு எழுதுக. வாயால் கூறி வருதல் போதாது. இரண்டு பிரதிகள் எழுதி, ஒன்றைக் கொடுத்து, மற்றதில் ஏற்றுக்கொண்டதற்கான முத்திரையும் திகதியும் பெறுக. உங்கள் கலத்துக்கு விதிக்கப்படும் நிபந்தனைகளையும் எழுத்திலேயே கேட்டுப் பெறுக. விடை வரும்வரை கலத்தைப் பூட்டாதீர்கள், அடுப்பும் மூட்டாதீர்கள்.

ஆறாவது: வடிநீரை மருந்தென்று விற்க எண்ணினால் 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டமும், உணவில் சேர்ப்பதற்கென்று விற்க எண்ணினால் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டமும் குறுக்கிடும். ஆயுர்வேதத் திணைக்களத்தையோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரையோ அணுகாமல் அவ்வாறு விற்றலாகாது.

6. மதுவரி நிலையத்துக்கு எழுதும் மாதிரிக் கடிதம்

"ஐயா,

............ கிராம உத்தியோகத்தர் பிரிவில் வசிக்கும் கமக்காரனாகிய யான், எனது தோட்டத்தில் ......... பேர்ச்சஸ் நிலத்தில் சேரைப்புல் பயிரிட்டுள்ளேன். அப்புல்லிலிருந்து நீராவி மூலம் வாசனை எண்ணெய் வடிப்பதற்காக ......... லீற்றர் கொள்ளளவுள்ள, ......... உலோகத்தாலான கலம் ஒன்றை ......... விலாசத்தில் நிறுவ எண்ணியுள்ளேன். கலத்தின் படமும், நிலத்தின் வரைபடமும், விவசாயப் போதனாசிரியரின் சிபாரிசும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இக்கலத்தில் புளித்த பொருள் எதுவும் இடப்படமாட்டாது. எந்நேரமும் தாங்கள் வந்து பரிசோதிக்கலாம். இது தொடர்பாக யான் பெறவேண்டிய அனுமதியையும், கைக்கொள்ள வேண்டிய நிபந்தனைகளையும் எழுத்தில் அறியத் தருமாறு பணிவாகக் கேட்டுக்கொள்கின்றேன்.

இங்ஙனம்,
........................"

கலத்தின் அளவை உள்ளபடியே எழுதுக. 100 லீற்றர் என்று எழுதிவிட்டு 200 லீற்றர்க் கலத்தை வைத்திருப்பின், உண்மையான மற்ற விடயங்களும் பொய்யெனத் தோன்றும்.

7. கலம் அமைக்கும்போது கவனிக்க

பூச்சிநாசினி அல்லது களைநாசினி வந்த பீப்பாவை ஒருபோதும் பயன்படுத்தற்க. எத்தனை தரம் கழுவினாலும் நஞ்சு எண்ணெயோடு வரும். நாகம் பூசிய தகரமும் உகந்ததன்று. துருப்பிடிக்காத உருக்கே சிறந்தது. பொருத்துகளுக்கு ஈயம் கலந்த பற்றாசு கூடாது.

கலத்தின் அடியில் நீரும், அதற்குமேல் துளைத்தட்டும், தட்டின்மேல் புல்லும் இருத்தல் வேண்டும். புல் அடியிற் பட்டால் கருகி எண்ணெய் நாறும். எண்ணெயையும் நீரையும் பிரிக்கும் கலம் ஒன்றை ஒடுக்கியின் வாயிலிற் பொருத்துக. அது எண்ணெய் வடிப்பவருக்கே உரிய உறுப்பு; கசிப்புக் காய்ச்சுபவருக்கு அது தேவையில்லை. ஆகவே அது தொழிலுக்கும் உதவும், உங்கள் நோக்கத்துக்கும் சாட்சி சொல்லும்.

ஆவி வெளியேறும் குழாய் அடைபட்டால் கலம் வெடித்து உயிருக்கே ஆபத்தாகும். ஒவ்வொரு முறையும் மூட்டுமுன் குழாயினூடாக நீரை ஊற்றிப் பார்க்க. மூடியை இறுக ஒட்டிவிடாது, சீலைமண் பூசி அடைத்தால் அமுக்கம் மிகும்போது அது முதலில் விட்டுக்கொடுக்கும். சிறுவரை அருகில் விடாதீர்கள். எரிபொருளுக்கு, ஆலையில் கிடைக்கும் உமியையும் வடித்துக் காய்ந்த புல்லையும் பயன்படுத்தலாம்.

8. வரவு எவ்வளவு?

இதனைக் கணக்கிடாமல் கடன் வாங்காதீர்கள். சேரைப்புல் நட்டு நான்கு, ஐந்து மாதத்தில் முதல் அறுப்பும், பின்னர் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறுப்பும் கிடைக்கும். நீர் தேங்கும் வயலில் அது வளராது; மேட்டுநிலமே வேண்டும். வெயில் நாட்களில் நீர் பாய்ச்சுதல் அவசியம். மழை நாளில் அறுத்தலாகாது. அறுத்த புல்லை ஒரு நாள் நிழலில் வாடவிட்டு, சிறு துண்டுகளாக்கிக் கலத்திலிட்டால் ஒரே கலத்தில் அதிகம் கொள்ளும்.

பச்சைப் புல் 100 கிலோகிராமில் 200 முதல் 400 கிராம் எண்ணெய் கிடைக்கும். 200 லீற்றர்ப் பீப்பா அளவான கலம் ஏறக்குறைய 35 கிலோகிராம் புல்லைக் கொள்ளும். அதனை இரண்டு மூன்று மணி நேரம் காய்ச்சினால் 70 முதல் 140 கிராம், அதாவது ஒரு தேநீர்க் கோப்பைக்கு மிகாத எண்ணெயே கிடைக்கும். வேலியோரத்துப் புல் ஒன்றை மட்டும் நம்பி ஒரு குடும்பம் கலம் வாங்குவது கட்டாது என்பது இதிலிருந்து விளங்கும்.

ஆகையால் தனித்தனியே கலம் வைப்பதை விடுத்து, 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்பட்ட உங்கள் கமக்காரர் அமைப்பின் மூலம் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரே கலம் வைப்பதே நலமாகும். செலவு பகிரப்படும், கலத்துக்கு ஓய்விராது, அனுமதியும் அமைப்பின் பெயரிற் கிடைக்கும். பொது இடத்தில், பலர் கண்ணெதிரே, பகலில் வடிக்கப்படுவதால் எவரும் ஐயுற இடமிராது. மறைவும் இரவும் கசிப்புக்காரருக்கு உரியவை. அவற்றை நாம் அவர்களுக்கே விட்டுவிடுவோம்.

9. கணக்குப் புத்தகம்

ஒரு கொப்பியில் ஒவ்வொரு வடிப்புக்கும் திகதி, யாருடைய புல், எத்தனை கிலோகிராம், மூட்டிய நேரம், இறக்கிய நேரம், கிடைத்த எண்ணெய், விற்ற இடம் ஆகியவற்றை எழுதுக. கலம் ஓய்ந்திருக்கும் நாட்களில் ஒடுக்கியைக் கழற்றி வேறிடத்திற் பூட்டி வைக்க. திறவுகோல் ஒருவர் பொறுப்பில் இருத்தல் வேண்டும். பிறர் எவருக்கும், நெருங்கிய உறவினராயினும், ஓர் இரவுக்கென்றும் கலத்தை இரவல் கொடாதீர்கள். இரவல் கொடுத்தவரே விடை கூற நேரிடும்.

அலுவலர் வந்தால் அஞ்சவும் வேண்டாம், வாதாடவும் வேண்டாம். முத்திரையிட்ட கடிதப் பிரதியையும் கொப்பியையும் எடுத்துக் காட்டி, கொட்டிலைத் திறந்து விடுக. பார்த்துச் சென்றவரின் பெயரையும் திகதியையும் கொப்பியிற் குறித்துக்கொள்க.

முடிவுரை

கமக்காரர்களே! வடிகலம் பாவமுமன்று, குற்றமுமன்று. அது ஒரு கருவி. மண்வெட்டி வரம்பும் கட்டும், பிறர் வரம்பை வெட்டவும் செய்யும். கருவியின் நற்பெயர் அதனைப் பிடித்திருப்பவர் கையில் உள்ளது. முதலில் பயிர், பின்னர் பத்திரம், அதன் பின்னரே கலம் என்பதை மனத்திற் கொள்க. இவ்வரிசை தவறாதவருக்கு அயலவரிடமும் அலுவலரிடமும் அஞ்ச வேண்டியது யாதுமில்லை.

மேலும் விவரம் வேண்டுவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கமநல சேவை நிலையத்திற் சந்திக்கலாம். இப்பிரசுரத்தைப் படித்தபின் அயலிலுள்ள கமக்காரருக்கும் கொடுத்துதவுக.